கொடிக்காரியைச் சுற்றிய கற்கள்

தும்பைக்கரட்டில், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நண்பகல் ஒன்றேகால் மணிக்குப் பாறையை உடைக்க வைத்த வேட்டில் மேலே எழுந்த கற்களுள் பெரியவை எல்லாம் வழக்கம்போலக் கீழே விழுந்தன. சிறியவையோ, விழுவதற்கு வேறோர் இடம் பார்த்துக்கொண்டவைபோல, கல்குழியின் கிழக்கு விளிம்பில் சிவப்புக் கொடியுடன் நின்றிருந்த பாவாத்தாளை நாடிச் சென்று, அவளுடைய இடுப்பின் உயரத்தில், அவளிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, வட்டமாகச் சுற்றத் தொடங்கின. ஆட்டுப் புழுக்கை அளவிலும் புளியங்கொட்டை அளவிலும் இருந்த அந்தக் கற்களும், அவற்றினிடையே நிறைந்திருந்த வெண்ணிறத் தூளும், அன்று மாலைக்குள் களைத்து நின்றுவிடும் என்று ஊரார் எண்ணினார்கள். அவை நிற்கவில்லை. அதைப் பற்றி வியந்து பேச அன்று ஒருவருக்கும் நேரமும் இல்லை. ஏனென்றால் அதே வேட்டில், பாறையில் துளை போடும் மாரப்பன் இறந்துபோயிருந்தான்.

தும்பைக்கரடு என்பது ஊரின் பெயரும் ஊருக்கு மேற்கே இருந்த பாறைக்குன்றின் பெயருமாகும். குன்று பாதிக்குமேல் தீர்ந்துவிட்டதால், இப்போது பெயர் ஊருக்கே மிகுதியாகப் பொருந்தியது. ஐம்பத்து மூன்று வீடுகள். அத்தனை வீட்டு அடுப்பும் குன்றை உடைத்த குவாரியை நம்பியே எரிந்தன. கல்லை ஜல்லியாக்கும் கிரஷரில் பறந்த தூள் தோசைமாவிலும் தலையணையிலும் கோயில் விளக்கின் எண்ணெயிலும் படிந்திருந்தது. வெளியூரிலிருந்து மணமுடித்து வந்த பெண்கள் முதல் ஆண்டு இருமினார்கள், இரண்டாம் ஆண்டிலிருந்து இருமலை நிறுத்திக்கொண்டார்கள்.

நாற்பத்தாறு வயதான பாவாத்தாள், பதினோர் ஆண்டுகளாக அந்தக் குவாரியின் கொடிக்காரி. வேட்டு வைப்பதற்குமுன் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு குழியை மூன்று முறை சுற்றிவருவதும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விசிலை ஊதுவதும் அவளுடைய வேலை. முதல் ஊதலுக்கே எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது சட்டம். ஆனால் முதல் ஊதல் கேட்டால் தட்டில் உள்ள சோற்றை முடிப்பது, இரண்டாவது கேட்டால் கை கழுவுவது, மூன்றாவது கேட்டால் எழுந்து நடப்பது என்று அங்குள்ள ஆட்கள் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கம் சட்டத்தைவிட உறுதியாக இருந்தது. வேட்டின் நேரம் ஒன்றேகால் என்று உரிமத் தாளில் எழுதியிருந்தது. குழி ஒரு கிணற்றளவு இருந்தபோது எழுதிய நேரம் அது. குழி ஆண்டுதோறும் அகன்றது. அதைச் சுற்றும் பாதை நீண்டது. ஒன்று ஐந்துக்கு முடிந்த மூன்றாவது சுற்று, இப்போது ஒன்று இருபத்தைந்துக்குத்தான் முடிந்தது. தாளை ஒருவரும் திருத்தவில்லை. திருத்த வேண்டிய தேவையும் எழவில்லை. ஏனென்றால் வேட்டுப் பெட்டியின் கைப்பிடியை அழுத்தும் மேஸ்திரி, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மூன்றாவது ஊதலுக்காகவே காத்திருப்பான்.

அந்த மேஸ்திரியின் பெயர் நாச்சிமுத்து. அவன் பாவாத்தாளின் உடன்பிறந்த தம்பி.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இவ்வளவே: சாலை வேலைக்கு ஜல்லி ஏற்றிச் செல்ல வந்த டிப்பர் லாரிகள் வரிசையாக நின்றன, முதலாளி கைப்பேசியில் அழைத்து, தாளில் உள்ள நேரத்துக்கு அடி என்றார், நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தான். பாவாத்தாள் மூன்றாவது சுற்றில் பாதியில் இருந்தாள். அவனுடைய கை பெட்டியின்மீது இருப்பதைக் கண்டு, அவள் கொடியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். ‘இன்னும் இல்லை’ என்பதற்கு அவர்களிடையே அதுதான் அடையாளம். அவன் அந்தக் கொடியைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். பிறகு அவன் அழுத்தினான். மாரப்பன் அப்போது துளைக்கருவிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசருக்குப் பின்னால் குந்தியமர்ந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

அன்று அவள் ஒருவரிடமும் சொல்லாத செய்தி இந்த ஒன்றுதான். தம்பி தானே சொல்லுவான், அவன் வாயால் சொல்லுவதுதான் முறை என்று அவள் நம்பினாள்.

முதல் வாரத்தில் ஊரார் அவளுக்காகச் சில ஏற்பாடுகளைச் செய்தார்கள். அவளுடைய வீட்டு வாயிலில் வளையம் இடித்ததால், தச்சர் வந்து நிலைக்கதவைப் பெயர்த்து, இரு பக்கச் சுவரையும் ஒன்றரை முழம் உடைத்துக் கொடுத்தார். ரேஷன் கடைக்காரர் நீளமான மூங்கிலின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, அதில் அரிசியை அளந்து வளையத்துக்கு மேலாக நீட்டினார். பேருந்தில் நடத்துநர் கதவைக் கழற்றி அகலமாக்கிய பின்பக்கப் படிக்கட்டருகே அவளைத் தனியே நிற்கவைத்து, “உங்களுக்கு ஒரு டிக்கெட்டுங்க, கல்லுக்கு லக்கேஜ் போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டார், பேருந்தே சிரித்தது, அவளும் சிரித்தாள். அவள் அமர்ந்தால் வளையமும் தாழ்ந்தது. படுத்தால் தரையை ஒட்டி வந்து, பாயைச் சுற்றிச் சரசரவென்று ஓடியது. காகங்கள் முதலில் அஞ்சின. பிறகு அந்தத் தூளில் சிறகை விரித்து மண்குளியல் போடக் கற்றுக்கொண்டன.

இரண்டாவது வாரத்தில் வளையத்தின் நடுவே ஓர் இடைவெளி இருப்பதைச் சென்னிமலை என்ற ஆட்டுக்காரர் கண்டுபிடித்தார். ஒரு விரல் அகலமே உள்ள, தூளோ கல்லோ இல்லாத, துடைத்ததுபோன்ற வெற்றிடம். அதன் வழியே ஒரேயொரு கருங்கல் மட்டும் முன்னும் பின்னும் பார்க்காமல் சென்றுகொண்டிருந்தது.

“இது மத்ததுமாதிரி கல்லு இல்லீங்க,” என்றார் சென்னிமலை. “மத்த கல்லையெல்லாம் இது ஓரமா ஒதுக்கி மேய்க்குது. நானு ஆடு ஓட்டறாப்பலயே ஓட்டுது பாருங்க.”

நடுநிலைப்பள்ளியில் அறிவியல் நடத்திய எஸ்தர் டீச்சர், அவர் சொன்னது ஏறத்தாழச் சரி என்றார். “வானத்துலயும் அப்படித்தாங்க. சனிக்கோளைச் சுத்தி வளையம் இருக்குதில்ல, அதுல சில வளையத்தைச் சின்னச்சின்ன நிலாங்கதான் சிதறாம மேய்ச்சுட்டு இருக்குது. மேய்க்கிற நிலான்னே அதுக்குப் பேரு.”

சென்னிமலைக்கு அன்று முழுவதும் நடை மாறிப்போயிற்று. “வானத்துலயே நம்ம ஆளுக இருக்கறாங்க,” என்று டீக்கடையில் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

“சனிக்குத்தான் வளையமுன்னா, பாவாத்தாளுக்கு எதுக்குங்க டீச்சர்?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

“சனிக்கு மட்டும் இல்லீங்க. வியாழனுக்கு இருக்குது, யுரேனஸுக்கு, நெப்டியூனுக்கு இருக்குது. அவ்வளவு ஏன், இங்கிருந்து திருச்சிக்குப் போயிட்டு வர்ற தூரம்கூடக் குறுக்களவு இல்லாத ஒரு சின்னப் பாறைக்கு ரெண்டு வளையம் இருக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. பெருசா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.”

“எதனால வருதுங்க?”

“ஒரு நிலா ரொம்பக் கிட்ட வந்துட்டா, அந்தக் கோளோட இழுப்பே அதைப் பிய்ச்சுப் போட்டுடும்னு சொல்றாங்க. பிய்ஞ்ச துண்டுங்க விழவும் விழாது, விலகிப் போகவும் போகாது. அங்கேயே சுத்திட்டு இருக்கும்.”

“எங்க மாமியார் வூட்டுல நானு இருக்கறாப்பல,” என்றார் டீக்கடைக்காரர். அந்த விளக்கம் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் காரணத்தைக் குறித்து ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் கிட்டே வருவது உடையும் என்பதை ஊர் விரைவிலேயே கண்டுகொண்டது. ஒரு மண்சட்டியை நீட்டினால், அது வளையத்தைத் தொடுவதற்கு முன்பே பிளந்து, ஓடுகளாகி, மற்றக் கற்களோடு சேர்ந்து சுற்றியது. தேங்காயும் அவ்வாறே ஆயிற்று. ஒருநாள், வேண்டுதல் ஒன்றை நிறைவேற்ற மறந்திருந்த கிரஷர் ஆள் ஒருவன் தேங்காயை அவள்பக்கமாக எறிந்து பார்த்தான். அது நீர் தெறிக்க இரண்டாக உடைந்து, வெண்ணிறப் பருப்புத் தெரியும்படி இரு மூடிகளாக வலம்வந்தது. மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளியன்று பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வந்தார்கள். கையால் உடைக்காமல் உடைந்த தேங்காய்க்குப் பலன் மிகுதி என்று யாரோ சொல்ல, அது யார் சொன்னது என்று கேட்காமலே எல்லோரும் நம்பினார்கள். பாவாத்தாள் முற்றத்தில் முக்காலியில் அமர்ந்து, வருகிறவர்களின் முகத்தை நேரே பார்க்கக் கூசி, தன்னைச் சுற்றி ஓடும் தேங்காய்ச் சில்லுகளைக் காகங்கள் பறந்தபடியே கொத்திச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நாள்களில் ஊரார் அவளை ‘கொடிக்காரி’ என்று அழைப்பதை விட்டுவிட்டு, ‘அம்மிணி’ என்று அழைத்தார்கள்.

மாரப்பனின் காரியத்தன்று காலையில் அவனுடைய மனைவி மயிலாத்தாள் வந்தாள். பாவாத்தாளும் மயிலாத்தாளும் ஒரே ஆண்டில் பூப்பெய்தியவர்கள். ஒரே கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். வளையலை உடைக்கும் சடங்குக்காகப் பெண்கள் வீட்டில் காத்திருக்க, அவள் அவர்களை விட்டுவிட்டு நேரே இங்கு வந்து, இரு கைகளையும் வளையத்தின் அருகே நீட்டினாள். பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து, அவளுடைய மணிக்கட்டில் ஒரு கீறலும் இடாமல், கற்களோடு கலந்து சென்றன.

“நீ எங்க நின்னுட்டிருந்தே பாவாத்தா?” என்று அவள் கேட்டாள்.

“கிழக்கால.”

“அங்கிருந்து வேட்டுப் பெட்டி தெரியுமில்ல?”

பாவாத்தாள் தன் முன்னே ஓடிய கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். “அன்னைக்கு வெயிலு அப்படி அடிச்சுது, மயிலு,” என்றாள்.

மயிலாத்தாள் கையைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டாள்.

சாவைக் குறித்துக் கோட்டாட்சியர் விசாரிப்பார் என்ற அறிவிப்பு ஐந்தாவது வாரத்தில் வந்தது. வேட்டு முன்னதாக வைக்கப்பட்டதா, கொடிக்காரி தாமதித்தாளா என்பதே கேள்வி. கொடிக்காரியின் பிழை என்று முடிவானால் அவள்மீது காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். குவாரியின் பிழை என்றால் குவாரிக்குப் பூட்டு விழும். அன்று மாலையே டீக்கடைக்காரர், சென்னிமலை, தச்சர், கிரஷர் ஆட்கள் என்று பதினான்கு பேர் அவளுடைய முற்றத்துக்கு வந்து, இரண்டு முழம் தள்ளி நின்று, வாக்குக் கொடுத்தார்கள்.

“மூணாவது விசில் இல்லாம இத்தனை வருசத்துல ஒரு வேட்டு வெச்சதில்லைங்க அம்மிணி. அதை நாங்க சொல்றோம்,” என்றார் டீக்கடைக்காரர்.

“அதைச் சொன்னாப் போதும்,” என்றாள் பாவாத்தாள். “வேற ஒண்ணும் வேண்டாம். யாரு பேரும் வேண்டாம்.”

நாச்சிமுத்து அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அதை அவள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி வந்தார். கிரஷர் அலுவலகத்தில் ஆண்கள் எல்லோரையும் உட்காரவைத்து, அவர் யாரையும் மிரட்டவில்லை, ஒருவரையும் பொய் சொல்லும்படி கேட்கவும் இல்லை. குவாரிக்குப் பூட்டு விழுந்தால் அடுத்த குவாரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை மட்டும், வரைபடத்தை விரித்து, வருத்தத்தோடு காட்டினார். அதற்கு மறுநாள் மாரியம்மன் கோயில் பூசாரி, நெடுநாளாகக் கவனித்து வந்ததுபோல, ஒரு செய்தியைச் சொன்னார்: கற்கள் பாவாத்தாளை வலமாகச் சுற்றவில்லை, இடமாகச் சுற்றுகின்றன.

ஊர் அதை அதுவரை பார்த்ததே இல்லை. இப்போது எல்லோரும் வந்து பார்த்தார்கள். உண்மைதான்: கற்கள் அவளுடைய வலக்கைப் பக்கம் தோன்றி, முன்னால் கடந்து, இடக்கைப் பக்கம் மறைந்தன.

“சாமியை வலமாச் சுத்துவோம். இழவுலதான் இடமாச் சுத்தறது,” என்றார் பூசாரி. “நானு ஒண்ணும் சொல்லல. கல்லு சொல்லுது.”

அன்றிலிருந்து தேங்காயோடு ஒருவரும் வரவில்லை. ரேஷன் கடைக்காரரின் மூங்கில் இன்னும் ஒரு முழம் நீண்டது. குழந்தைகளுக்கு அவளுடைய தெரு வழியே பள்ளிக்குப் போகக் கூடாது என்று சொல்லப்பட்டது. எஸ்தர் டீச்சர் மட்டும் டீக்கடையில் நின்று, வானத்தில் உள்ள வளையங்களில் பெரும்பாலானவை எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றன என்று விளக்க முயன்றார். டீக்கடைக்காரர் அவருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

விசாரணை ஊராட்சி அலுவலகத்தில் நடப்பதாக இருந்தது. வளையம் உள்ளே நுழையாது என்பதால், மேசையை வெளியே தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டார்கள். காலை பத்து மணி. கோட்டாட்சியர், கற்கள் சுற்றுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அது தம் விசாரணை வரம்புக்குள் வராது என்று தீர்மானித்தவர்போலக் கோப்பைத் திறந்தார்.

முதலில் டீக்கடைக்காரர் வந்தார். “மூணாவது விசில் கேட்கலைங்க ஐயா,” என்றார். பாவாத்தாள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். இத்தனை ஆண்டுகளில் மூன்றாவது விசிலுக்குமுன் வேட்டு வைத்ததில்லை என்பதே அந்த வாக்கியம். அது இல்லாமல் முதல் வாக்கியம் அவளைக் கொல்லும் வாக்கியம். டீக்கடைக்காரர் கைநாட்டு வைத்துவிட்டு, துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

தச்சர், மூன்றாவது விசில் கேட்கவில்லை என்றார். கிரஷர் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, கேட்கவில்லை என்றார்கள். சென்னிமலையும் அவ்வளவேதான் சொன்னார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. பதினான்கு பேரும் உண்மையின் ஒரே பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டு, மறுபாதியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மயிலாத்தாளும் வந்தாள். வெறுங்கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, “ரெண்டு விசில்தான் கேட்டுச்சுங்க,” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

கடைசியில் நாச்சிமுத்து வந்தான்.

“வேட்டு வைத்த நேரம் என்ன?”

“ஒண்ணேகாலுங்க ஐயா.”

“உரிமத்தில் உள்ள நேரமும் ஒன்றேகால்தானே?”

“ஆமாங்க ஐயா.”

“அதற்குள் கொடிக்காரி மூன்றாவது விசிலை ஊதியிருக்க வேண்டும். ஊதினாளா?”

அவன் தன் செருப்பைப் பார்த்தான். “அக்கா ஊதலைங்க,” என்றான்.

பாவாத்தாளைச் சுற்றியிருந்த கற்கள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கோட்டாட்சியர் அவளைப் பார்த்து, மூன்றாவது விசிலை ஊதினீர்களா என்று கேட்டார். “இல்லீங்க,” என்றாள் அவள். கொடிக்காரியின் தாமதமே சாவுக்குக் காரணம் என்று தெரியவருவதாக அவர் எழுதி, அதைப் படித்துக்காட்டி, மதிய உணவுக்குப் பிறகு கையெழுத்திடுவதாகச் சொல்லி உள்ளே போனார்.

அவள் மயிலாத்தாளின் வீட்டுக்கு நடந்தாள். தெருவில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மயிலாத்தாள் வாசலில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நாச்சிமுத்துதான் மயிலு,” என்றாள் பாவாத்தாள், தெருவில் நின்றபடியே. “நானு கொடியைத் தூக்கிப் பிடிச்சேன். பாத்தான். பாத்துட்டுத்தான் அமுத்தினான்.”

“தெரியும்,” என்றாள் மயிலாத்தாள்.

வெங்காயத் தோல் ஒன்று காற்றில் பறந்துவந்து, வளையத்துக்குள் நுழைந்து சுற்றத் தொடங்கியது.

“அன்னைக்கு அவருக்கு மோர் கொண்டுட்டு வந்தேன். மண்மேட்டு மேலதான் நின்னுட்டிருந்தேன். உன் கொடியும் தெரிஞ்சுது, உன் தம்பி மூஞ்சியும் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“புருசன் செத்த பொம்பள புலம்பறான்னு எழுதிக்குவாங்க. நீ சொன்னாத்தான் சாட்சி.” அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “காரியத்தன்னைக்கு வந்து கேட்டேன். வெயிலு அடிச்சுதுன்னு சொன்னே. சரி, நாளைக்குச் சொல்லுவா, நாளன்னைக்குச் சொல்லுவான்னு இருந்தேன். அவரு போயி முப்பத்தெட்டு நாளு ஆச்சு பாவாத்தா. ஊருல அத்தனை பேரும் உன்னை விட்டுட்டாங்கன்னு இன்னைக்கு உனக்கு நெஞ்சு எரியுது. எனக்கு அன்னைக்கே எரிஞ்சுது.”

பாவாத்தாளுக்குத் தோழியின் காலைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றிற்று. வளையத்தோடு அருகே போக முடியாது. போனால் அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருப்பதும் உடையும். அவள் திரும்பி நடந்தாள்.

கோட்டாட்சியர் கைகழுவிவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தபோது, அவள் மேசையின் எதிரே நின்றிருந்தாள். கொடியை உயர்த்தியதையும், தம்பி அதைக் கண்டதையும், கண்டபின் அழுத்தியதையும், பதினோர் ஆண்டுகளாக அவளுடைய மூன்றாவது ஊதலுக்கு முன்னால் ஒரு வேட்டும் வைக்கப்படாததையும், தாளில் உள்ள நேரம் குழி சிறிதாக இருந்தபோது எழுதப்பட்டது என்பதையும், கண்டதற்கு இன்னொரு சாட்சி உண்டு, அவள் பெயர் மயிலாத்தாள் என்பதையும், தடுமாறாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

“இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அம்மா,” என்றார் அவர்.

“ஆமாங்க,” என்றாள் அவள்.

அவர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை எடுத்தார். மயிலாத்தாளை மறுபடியும் அழைத்துவர ஆள் போயிற்று. ஊரார் சாலையின் மறுபக்கத்தில் நின்றார்கள். நாச்சிமுத்து அவர்களிடமிருந்து பிரிந்து, வளையத்தின் விளிம்புவரை வந்தான். அவனுடைய சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து, கற்களோடு சேர்ந்து அவளைச் சுற்றி ஓடியது.

“நானு பொய்யொண்ணும் சொல்லலையே அக்கா,” என்றான்.

“நானும் சொல்லல, நாச்சிமுத்து. முப்பத்தெட்டு நாளா ஒரு பொய்கூடச் சொல்லல.”

காவலர் ஒருவர் வந்து, நாகரிகமாகவே, அவனுடைய முழங்கையைத் தொட்டார்.

பத்து நாள்களில் குவாரிக்குப் பூட்டு விழுந்தது. முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். நாச்சிமுத்துவுக்கு அது கிடைக்கவில்லை. அவனுடைய மனைவி, பாவாத்தாளின் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் இடையே இருந்த பொதுவான கதவில் பலகையை வைத்து ஆணி அடித்தாள். கிரஷர் நின்றது. தூள் பறப்பது நின்றது; இத்தனை ஆண்டுகளுக்குப் பின் துவைத்த துணி வெள்ளையாகவே காய்ந்தது; அதைக் கண்டு மகிழ ஒருவருக்கும் மனமில்லை. விடிகாலையில் ஆண்கள் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த குவாரிக்கு வேனில் ஏறிச் சென்றார்கள். ஏறுமுன் அவளுடைய வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினார்கள். யாரும் திட்டவில்லை. மயிலாத்தாள் தன் சாட்சியை முழுதாகச் சொன்னாள். ஆனால் அதன்பின் பாவாத்தாளிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

கற்கள் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை விழுந்தன. உண்மை பேசிய நாளில் அவை விழவில்லை, பூட்டு விழுந்த நாளிலும் விழவில்லை. அவள் புளிச்சட்டியின் கரியைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்த சாதாரணமான ஒரு முற்பகலில், தகரக் கூரைமீது கோடைமழையின் முதல் துளிகள் விழுவதுபோன்ற ஓசையோடு, எல்லாம் ஒருசேரத் தரையில் விழுந்து, வட்டமாகக் கிடந்தன. மேய்க்கும் கல் எது என்று அதன்பின் சென்னிமலையாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அவள் எழுந்து, விளக்குமாற்றால் எல்லாவற்றையும் ஓர் ஓரமாகக் கூட்டினாள்; கைகளை முழு நீளத்துக்கும் விரித்துப் பார்த்தாள்; ஒன்றும் இடிக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகு, யாரையும் தொடக்கூடிய தொலைவில் தான் நிற்கலாம் என்பது நினைவுக்கு வர, வேலையொன்றும் இல்லாவிட்டாலும், குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவள் வருவதைக் கண்டு திரும்பினார்கள். அவளுடைய இடுப்பைச் சுற்றி வெறுங்காற்றுத்தான் இருந்தது என்பதை அவர்கள் பார்த்தார்கள். பார்த்ததை ஒருவரும் சொல்லவில்லை. பாதி நிறைந்த குடத்தைக் குழாயின் கீழிருந்து எடுத்த ஒருத்தி, “நீங்க புடிச்சுக்குங்கக்கா,” என்று மரியாதையாகச் சொல்லி விலகினாள். மற்றவர்களும் விலகினார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, அத்தனை நாளில் அவர்களுடைய கால்களுக்கே அந்தத் தொலைவு பழகியிருந்தது.

பாவாத்தாள் குடத்தைக் குழாயின் கீழ் வைத்தாள். தண்ணீர் நூலாக விழுந்தது. குடம் நிறையும்வரை அவர்கள் இரண்டு முழம் தள்ளி, அவளைச் சுற்றி, அப்படியே நின்றார்கள்.